முதுமைக்குத் துணை அண்டை அயல்



விழாக் கூட்டத்தால் மண்டபம் நிறைந்திருக்கும் வேளையில் முதுமையின் தனிமையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், மண்டபம் நிறைந்திருக்கும் நாளில்தான் வர இயலாமற்போனவர் யார் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. சென்ற ஆண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இவ்வாண்டு வரவில்லை என்றால், அதனைக் கவனித்து, 'ஏன் வரவில்லை? உடல்நலம் எப்படி?' என்று கேட்பவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அவ்வாறு கேட்பவர் இருப்பதே முதுமைக்கு உற்ற காவல். இவ்வுரை சொல்ல வரும் செய்தி அஃது ஒன்றே.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 8.6 பேர். தமிழகத்தில் அவ்விகிதம் 10.4. பிள்ளைகள் கல்வி கற்றுப் பணியின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட, பெரிய வீட்டில் இருவர், சில ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் என்னும் நிலை பல குடும்பங்களுக்கு வாய்த்துவிட்டது. இந்நிலையில், முதியோர்க்கென்றே அமைந்த குடியிருப்புகள் கோயம்புத்தூரைச் சுற்றியும் சென்னைப் புறநகர்களிலும் பெருகியுள்ளன. சொந்த வீட்டை விற்றுவிட்டு அங்குக் குடிபுகலாமா என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது. அமெரிக்காவில் இத்தகைய குடியிருப்புகளுக்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அங்கு நேர்ந்த நன்மையையும் தீமையையும் அறிந்துகொண்டால், இங்கு அவ்வினாவிற்கு விடை காண்பது எளிதாகும்.

பருத்தி வயலில் எழுந்த ஊர்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே, 1954ஆம் ஆண்டில் யங்டவுன் என்னும் சிற்றூர் தோன்றியது. முதுமை எய்தியோர்க்கென்றே அமைந்த ஊர்களுள் அதுவே அமெரிக்காவில் முதலாவது என்பர். அதனை நிறுவியவர் பென் ஷ்லைஃபர். ஓய்வு பெற்றோர் குறைந்த செலவில் ஒரு சிறு வீட்டில் தம் விருப்பம்போல் வாழ வேண்டும், முதியோர் இல்லத்தின் கட்டுப்பாடுகளுக்குள் முடங்கிக் கிடக்கலாகாது என்பது அவருடைய எண்ணம்.

அதற்கு அருகிலேயே, பருத்தி விளைந்த நிலத்தில், கட்டடத் தொழிலதிபர் டெல் வெப் என்பாரின் நிறுவனம் 1960 சனவரி முதல் நாளில் சன் சிட்டியைத் திறந்தது. தச்சராக வாழ்வைத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர் அவர். முதியோர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு அவ்வளவு தொலைவு வரமாட்டார்கள் என்று எச்சரித்தோர் உண்டு. திறப்பு விழாவிற்குப் பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க, முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டு வந்தனர். 237 வீடுகள் அப்பொழுதே விலையாயின. 1962 ஆகஸ்டு மாதத்தில் டைம் இதழ் டெல் வெப்பின் உருவத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை 37,499.

வீடு கட்டி விற்போர் வழக்கமாக வீடுகளை முதலில் கட்டுவர். பூங்காவும் மன்றமும் பின்னர் வரும் என்று வாக்குறுதி தருவர். சன் சிட்டியிலோ மாதிரி வீடுகள் ஐந்தே நின்றன. பொழுதுபோக்கு மன்றம், நீச்சல் குளம், கோல்ஃப் திடல், கடைத்தெரு ஆகியவை திறப்பு நாளிலேயே கண்முன் நின்றன. முதியோர் தேடி வருவது நான்கு சுவர்களை மட்டுமன்று, பகற்பொழுதைக் கழிக்கும் வழியையும் உடனிருக்கும் மனிதரையும் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் காலையில் எழுந்து பணிக்குச் சென்ற ஒருவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் செல்லுமிடம் இல்லாது போகிறது. அந்த வெறுமையை நிரப்பவே மன்றம் முதலில் எழுந்தது.

சங்கம் நடைபெறும் முறை

இன்று சன் சிட்டியில் ஏழு பொழுதுபோக்கு மையங்களும் நூற்றுக்கு மேற்பட்ட சங்கங்களும் உள்ளன. தச்சு, குயத்தொழில், நெசவு, தையல், கல் பட்டை தீட்டல், ஓவியம், நடனம், சீட்டாட்டம், பந்து உருட்டல் என ஒவ்வொன்றிற்கும் ஒரு சங்கம் உண்டு. பிறந்த மாநிலத்தின் பெயரால் கூடுவோரும் உளர். வீட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணத்தால் மையங்கள் பராமரிக்கப்படுகின்றன. சங்கத்திற்கோ தனிச் சந்தா. அது சிறு தொகைதான்.

சங்கத்தின் உயிர்நாடி அதன் பணிப்பங்கீட்டில் உள்ளது. தலைவரும் செயலரும் பொருளாளரும் உறுப்பினர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுவர். தச்சுப் பட்டறை போன்ற இடங்களில் உறுப்பினரே முறை வைத்துக் கண்காணிப்புப் பணியை ஏற்பர். பட்டறையைத் திறப்பதும், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், புதிதாகச் சேர்ந்தவருக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுத்தருவதும் அவர் கடமை. செவ்வாய்க்கிழமை காலை முறைக்குரியவர் வராவிட்டால் பட்டறைக் கதவு திறவாது. கதவு திறவாவிட்டால் வெளியே நிற்கும் நால்வர் உடனே தொலைபேசியை எடுப்பர். வராதவர் நோயுற்றிருந்தால், அன்றைய காலையிலேயே அது தெரிந்துவிடும். பட்டறையில் செய்யும் நாற்காலியைவிட மேலான பயன் இது.

சன் சிட்டி ஒரு நகராட்சி அன்று. அதற்கு நகரத் தலைவர் இல்லை. நகராட்சி வேண்டுமா என்று கேட்டபோதெல்லாம் மக்கள் வேண்டாம் என்றே முடிவு செய்தனர். ஆதலின் ஊர்ப் பணிகள் பலவற்றைக் குடியிருப்போரே சுமக்க நேர்ந்தது. 1973 முதல் அங்கு இயங்கும் தன்னார்வக் காவல் துணைப்படை, மாவட்டக் காவலர்க்கு உதவியாகத் தெருக்களில் சுற்றி வருகிறது. வெளியூர் சென்றோரின் வீடுகளையும் அது பார்த்துக்கொள்கிறது. 1980இல் தொடங்கிய மற்றொரு தொண்டர் குழு, அதிகாலையில் சாலையோரத்துக் குப்பைகளை அகற்றி மரங்களைச் சீர் செய்கிறது. இப்பணிகளைச் செய்வோர் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். 'இனி உமக்கு வேலை இல்லை' என்று உலகம் சொல்லி அனுப்பிய மனிதரிடம் ஊர் மீண்டும் ஒரு வேலையை ஒப்படைத்தது. அவர்களும் மகிழ்ந்து ஏற்றனர்.

செல்வம் இல்லாத இடத்தில்

சன் சிட்டியின் கோல்ஃப் திடலையும் நீச்சல் குளத்தையும் காண்போர், பணம் படைத்தோர்க்கே இத்தகைய வாழ்வு இயலும் என்று கருதலாம். அக்கருத்துத் தவறு என்று காட்டும் நூல் ஒன்று 1973இல் வெளிவந்தது. ஆர்லி ஹாக்சைல்டு என்னும் சமூகவியலறிஞர் எழுதிய அந்நூல், 'எதிர்பாராத சமுதாயம்' என்று தமிழில் பொருள்படும் தலைப்பை உடையது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையருகே, குறைந்த வருவாயுடைய முதியோர் வாழும் சிறு அடுக்ககம் ஒன்றில் அவர் சில ஆண்டுகள் பணியாற்றிக்கொண்டே ஆய்ந்தார். அதற்கு மெரில் கோர்ட் என்னும் புனைபெயரை இட்டார். அங்கிருந்தோர் 43 பேர். பெரும்பாலோர் கணவரை இழந்த பெண்கள். நாட்டின் உட்பகுதிகளில், எளிய குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். கோல்ஃப் திடலும் நீச்சல் குளமும் அவர்களுக்கு இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை மட்டும் இருந்தது.

தொடக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அறியார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அந்நியராகவே இருந்தனர். ஒரு நாள், குடியிருந்த பெண்மணி ஒருவரின் மகள் காபி தயாரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து பொது அறையில் வைத்தாள். ஆறு பேர் போல் அதைச் சுற்றி அமர்ந்தனர். அஞ்சல் எடுக்கக் கீழே இறங்கி வந்தவர்கள் எட்டிப் பார்த்தனர்; சிலர் உள்ளே வந்து அமர்ந்தனர். சில வாரங்களில் பொழுதுபோக்குப் பணிகளுக்குப் பொறுப்பான அம்மையாரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். அரை ஆண்டுக்குள் அவ்வறை தேனீக்கூடு போலாயிற்று.

தொண்டுச் சங்கம் ஒன்று உருவாயிற்று. காலைதோறும் கைவினைப் பட்டறை நடந்தது. மாதந்தோறும் பிறந்தநாள் கொண்டாட்டமும், மறைநூல் வகுப்பும், ஐவர் கொண்ட இசைக்குழுவும் தோன்றின. அவ்விசைக்குழுவில் ஒரு கருவி, துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துக் கம்பி கட்டியது! ரொட்டி சுற்றி வந்த தாள்களைப் பின்னி விரிப்புச் செய்தனர். வெளுப்பு நீர்க் குப்பிகளை வெட்டித் தொப்பி செய்தனர். அவற்றை ஆண்டுச் சந்தையில் விற்றனர். அநாதை இல்லத்துக் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மைகள் தைத்து அனுப்பினர். பண்டங்கள் சமைத்து எடுத்துக்கொண்டு அருகிலிருந்த நான்கு பராமரிப்பு இல்லங்களுக்குச் சென்று, அங்குள்ள 'முதியோர்க்கு' இசை வழங்கினர். தாமும் முதியோரே என்பதை அவ்வேளையில் அவர்கள் மறந்திருந்தனர்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை ஓர் அறை, ஒரு காபி இயந்திரம், பிறர்க்குப் பயன்படும் ஒரு வேலை ஆகியவையே. வெறுமனே பேசுவதற்காக மட்டும் கூடுவோருக்குப் பேச்சு விரைவில் தீர்ந்துவிடும். கையில் ஒரு பணி இருந்தால், பேச்சு அதன் ஓரத்தில் தானே வளர்கிறது. திருமண வீட்டில் கூடத்தில் அமர்ந்து காய் நறுக்கும் பெண்களின் பேச்சை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சன்னல் திரை

கீழ்த்தளத்தில் சங்கம் நடந்தது. மேல்தளங்களில் அண்டை வாழ்வு நடந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் தம் சன்னல் திரையைச் சிறிது விலக்கி வைப்பது மெரில் கோர்ட்டின் ஒரு தளத்தில் வழக்கமாயிற்று. நடைவழியே செல்வோர் அதைக் கண்டு, உள்ளிருப்பவர் நலமாக எழுந்துவிட்டார் என்று அறிந்துகொள்வர். முற்பகல் ஆகியும் திரை விலகாவிட்டால் கதவைத் தட்டிப் பார்ப்பர். அவ்வழக்கத்தை எந்த அதிகாரியும் விதிக்கவில்லை. எந்த இயந்திரமும் அதற்குத் தேவைப்படவில்லை. கள்வர் பயத்தால் ஒரு பெண்மணி மட்டும் திரையைத் திறக்க மறுத்து, பூந்தொட்டிகளை வைத்து அதனை அசையாமற்செய்திருந்தார். மற்றவர்களுக்கு அது பெருங்கவலை தந்தது. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் தாங்கள் எவ்வாறு அறிவோம் என்பதே அக்கவலை.

திரையை விலக்குவது சிறு செயல்தான். ஆனால் அதற்குள் இரண்டு உடன்பாடுகள் அடங்கியுள்ளன. பிறர் தம்மைப் பார்த்துக்கொள்வதற்கு ஒருவர் இசைகிறார். பிறரைத் தாம் பார்த்துக்கொள்ளும் கடமையையும் ஏற்கிறார். முதல் உடன்பாட்டைத் தருவது பலருக்குக் கடினம். 'எவருக்கும் பாரமாக இருக்கக்கூடாது' என்று சொல்லிச் சொல்லியே கதவைச் சாத்திக்கொள்ளும் பெரியோர் எல்லா நாட்டிலும் உளர். அண்டை வீட்டாரின் உதவியை ஏற்க மறுப்பதும் ஒருவகையில் பூந்தொட்டியை வைத்துத் திரையை அடைப்பதே.

மெரில் கோர்ட்டின் பெண்கள் இத்தயக்கத்தை வென்ற விதத்தையும் ஹாக்சைல்டு விளக்குகிறார். அவர்களுக்கிடையே இருந்தது உடன்பிறந்தாரை ஒத்த உறவு. ஒருத்தி காபிக்கு அழைத்தால் அடுத்த முறை மற்றவள் அழைப்பாள். சென்ற முறை ஒருத்தி வந்தாள் எனில், இம்முறை மற்றவள் செல்ல வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்வர். பூஞ்செடியும் பகலுணவும் கைமாறும். உடல்நலம் உடையவர் நலிந்த ஒருவரையோ இருவரையோ தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வர். பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே ஒருவர் தருபவர், ஒருவர் பெறுபவர். முதுமையில் பெறுபவராக மட்டும் மாறிவிடுவது மானமுள்ளவருக்கு நோவு தரும். ஒத்த வயதினரிடையே அந்நோவு இல்லை. அண்டை வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரலாகாது என்று தமிழ்நாட்டு இல்லங்களில் பெண்கள் காத்துவந்த முறையும் இதே அறிவைக் கொண்டது. திருப்பித் தர ஒன்று இருக்கும் வரையில் எவரும் இரவலர் ஆகார்.

சிகாகோவின் கோடை

அண்டை வாழ்வு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1995 ஜூலை மாதத்துச் சிகாகோ நகரம் சான்று. அம்மாதத்தில் அங்குக் கொடிய வெப்ப அலை வீசியது. வெப்பநிலை 41 டிகிரி செல்சியசை எட்டியது. ஒரு வார காலத்தில், வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 739 பேர் மாண்டனர். மாண்டோரில் பலர் முதியோர், தனியே வாழ்ந்தவர்கள். சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இறந்து கிடந்தோர் பலர். உடலைப் பெற்றுக்கொள்ள எவரும் வராதோரும் இருந்தனர்.

சமூகவியலறிஞர் எரிக் கிளினென்பர்க் இப்பேரிடரை ஆய்ந்து 2002இல் ஒரு நூல் எழுதினார். அருகருகே அமைந்த இரு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். வட லாண்டேல், தென் லாண்டேல் என்பன அவை. இரண்டிலும் வறுமை உண்டு. தனியே வாழும் முதியோரின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் வட பகுதியில் லட்சம் பேருக்கு 40 பேர் என்னும் விகிதத்தில் இறந்தனர். தென் பகுதியில் அது 4. தென் பகுதியின் தெருக்களில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது. முதியவர் அச்சமின்றி வெளியே வந்தார், கடையின் குளிர்ந்த காற்றில் சிறிது அமர்ந்தார், தெரிந்த முகங்களைக் கண்டார். வட பகுதியில் கடைகள் மூடிப்போய், காலி மனைகள் பெருகி, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியே வருவதற்கு அச்சம். வந்தாலும் செல்லுமிடம் இல்லை. வெப்பம் இரு பகுதிக்கும் பொது. ஆனால் கதவைத் தட்டுவதற்கு ஆள் இருந்த பகுதியில் முதியோர் பெரும்பாலும் பிழைத்தனர்.

ஆகவே சங்கமும் அண்டை வாழ்வும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. மருந்தையும் மருத்துவரையும் போல அவையும் உயிர் காப்பவை.

மதிலுக்கு வெளியே நிற்போர்

முதியோர் குடியிருப்பின் குறைகளையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தன் உறுப்பினரை அன்போடு அணைக்கும் சமுதாயம், உறுப்பினர் அல்லாதோரைப் புறந்தள்ளவும் எளிதில் துணியும்.

சன் சிட்டியில் வீடுதோறும் ஒருவரேனும் 55 வயதை எட்டியிருக்க வேண்டும். சிறுவர் விருந்தினராக வந்து தங்கலாம்; நிலையாக வாழ இயலாது. பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு வீடு மறுக்கலாகாது என்று அமெரிக்கச் சட்டம் 1988இல் விதித்தபோதும், முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு அளித்தது. நூற்றுக்கு 80 வீடுகளிலாவது 55 வயது கடந்த ஒருவர் வாழ வேண்டும் என்பது அவ்விலக்கின் நிபந்தனை. அமைதியை நாடும் முதியோர்க்கு இது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் விளைவு வேறிடத்தில் தெரிந்தது. சன் சிட்டி ஒரு பள்ளி மாவட்டத்திற்குள் அடங்கியிருந்த 1960களிலும் 70களின் தொடக்கத்திலும், பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திர வாக்கெடுப்புகளை அங்குள்ள வாக்காளர்கள் திரும்பத் திரும்பத் தோற்கடித்தனர். இறுதியில் 1974இல் சன் சிட்டி அப்பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. தம் பேரப்பிள்ளைகள் வேறு மாநிலத்தில் பயில, அயலூர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். தம் தெருவில் குப்பை பொறுக்கத் தயங்காத கைகளே பள்ளிக்கூடத்திற்கு வாக்களிக்க மறுத்தன.

யங்டவுனில் நேர்ந்தது இன்னும் நெஞ்சை உறுத்துவது. 1990களின் நடுப்பகுதியில், வீட்டில் துன்புற்ற 16 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாத்தா பாட்டியிடம் அடைக்கலம் புகுந்தான். வயது விதியைக் காட்டி அவன் வெளியேற வேண்டும் என்று ஊராட்சி வற்புறுத்தியது. வழக்கு அரசு வழக்குரைஞர் அலுவலகம் வரை சென்றது. முடிவில், 1998இல், அவ்வூரின் வயதுக் கட்டுப்பாடே நீங்கியது. அமைதியாக முதுமையைக் கழிக்கத் தோன்றிய முதல் ஊர், ஒரு பேரனுக்கு இடம் தர மறுத்ததால் தன் விதியையே இழந்தது.

சங்கத்திற்கு உள்ளேயும் ஒரு வேலி முளைப்பதுண்டு. மெரில் கோர்ட்டில் உடல்நலமும் அருகில் பிள்ளைகளும் உடையவர்கள், அவை இல்லாதவர்களை இரக்கத்தோடு குறிப்பதற்கு ஒரு சொல் வைத்திருந்தனர். தமிழில் 'ஐயோ, பாவம்' என்பதற்கு நிகரானது அது. கண் தெரியாதவர் பாவம். பிள்ளைகள் வாராதவர் பாவம். பராமரிப்பு இல்லத்திற்குப் போய்விட்டவர் எல்லாரினும் பாவம். இரக்கத்தில் தொடங்கும் இச்சொல் மெல்ல மெல்ல மனிதரைப் படிவரிசையில் நிறுத்திவிடுகிறது. நேற்று வரை இசைக்குழுவில் இருந்தவர், இன்று கால் தளர்ந்ததும், பிறர் சென்று இசைத்துவிட்டு வரும் இடமாகிவிடுகிறார். நலமுள்ள காலத்து உறுப்பினரை நலிந்த காலத்திலும் உறுப்பினராகவே வைத்திருக்கிறதா என்பதே ஒரு சங்கத்தின் தரத்தை அளக்கும் உரைகல்.

குடிபுகுமுன் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து தமிழகத்துக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உள. முதியோர் குடியிருப்புகளுக்கென நடுவண் அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. வழுக்காத தரை, பிடிமானக் கம்பி, அவசர அழைப்பு மணி, மருத்துவ வசதி ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டியது கட்டாயம். ஆனால் விளம்பரத் தாளில் அச்சிடப்படாத வேறு சில வினாக்களும் உண்டு.

முதலாவது, அங்குக் குடியிருப்போர் தாமே நடத்தும் பணி என்ன? சமையல், தோட்டம், விழா, நூலகம் யாவற்றையும் நிறுவனமே செய்துவிட்டால், குடியிருப்போர் விடுதியின் விருந்தினர் ஆவர். விருந்தினர்க்கு வசதி உண்டு; கடமை இல்லை. கடமை இல்லாத இடத்தில் ஒருவர் இல்லாமை தெரியாது. நூலகச் சாவி ஒரு பெரியவரிடமும், பூசைக்கு மலர் பறிக்கும் பொறுப்பு ஓர் அம்மையாரிடமும், மாதக் கணக்கு எழுதும் ஏடு ஓய்வு பெற்ற வங்கி அலுவலரிடமும் இருக்குமாயின், மூவரையும் நாள்தோறும் நாலு பேர் தேடுவர்.

இரண்டாவது, ஒருவர் காலையில் கதவைத் திறக்காவிட்டால் எத்தனை நாழிகையில், யாருக்குத் தெரியும்? அழைப்பு மணியை அழுத்த விழுந்தவருக்கு நினைவு இருக்க வேண்டும். அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவதற்கு அது தேவையில்லை.

மூன்றாவது, துணைவரை இழந்தவரும் படுக்கையில் விழுந்தவரும் அங்கு எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? பார்க்கச் செல்வோர் பூங்காவை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. நடமாட இயலாத ஒருவரின் அறைக்குச் சென்று, நேற்று அவரைப் பார்க்க வந்தவர் யார் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்க இடமுண்டா? மதிலுக்கு வெளியே உள்ள ஊரோடு குடியிருப்புக்கு உறவு உண்டா? அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் ஓய்வு பெற்ற ஆசிரியர், தம் முதுமையையும் அப்பிள்ளைகளின் இளமையையும் ஒருசேர வளமாக்குகிறார்.

இவ்வினாக்கள் முதியோர் குடியிருப்புக்கு மட்டும் உரியவை அல்ல. பிறந்த ஊரிலேயே, சொந்த வீட்டிலேயே இருக்க முடிவு செய்தோர்க்கும் இவையே பொருந்தும். ஒரு காலத்தில் தெருத் திண்ணை அண்டை வாழ்வைத் தானே நடத்திவந்தது. வாசல் தெளிக்காத வீடும் கோலம் இல்லாத வாசலும் காலையிலேயே தெருவுக்குச் செய்தி சொல்லின. மெரில் கோர்ட்டின் சன்னல் திரையும் அந்தக் கோலமும் ஒரே மொழி பேசியவை. திண்ணை இடிந்து இரும்புக் கதவு எழுந்துவிட்ட தெருக்களிலும், வீடுகள் பல பூட்டிக் கிடக்கும் சிற்றூர்களிலும், அம்மொழியை மீண்டும் பேசத் தொடங்க வேண்டும். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்று, காலையில் ஒரு முறை நலம் விசாரிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு வேலையை முன்வைத்துக் கூடலாம். மெரில் கோர்ட்டில் ஆறு பேர் தொடங்கியதே நாற்பத்து மூவர்க்குப் போதுமானதாயிற்று.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தொலைவில் இருந்துகொண்டு பெற்றோர்க்கு மாதந்தோறும் பணம் அனுப்புவது கடமை. நாள்தோறும் பேசுவது அன்பு. அவற்றோடு, பெற்றோரின் அண்டை வீட்டாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் தம்மிடம் உள்ளனவா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு வாங்கி வரும் பண்டத்தில் ஒரு பங்கை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் தம் கையாலேயே கொடுத்து, 'சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மெரில் கோர்ட்டில் அந்தக் காபி இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தவளும் ஒரு மகள்தான். தன் தாய்க்கென்று அவள் செய்தது, தாயைச் சூழ இருந்த அனைவர்க்கும் ஆயிற்று. அத்தகைய பிள்ளைகளைப் பெற்ற பெரியோர், எந்த ஊரில் எந்தக் கூரையின்கீழ் இருந்தாலும், தனியர் ஆகார்.